வற்றாப்பளைக் கிணறுகளோடு பத்து நாட்கள்

2012 ஆம் ஆண்டு ஆவணி மாதம். சோளகக் காற்றில் புழுதி பறந்துகொண்டிருந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து 14 பேர் கொண்ட எமது தொண்டர் குழு ஒரு லொறியில் வன்னிக்குப் புறப்பட்டது. நீர் இறைக்கும் இயந்திரம் ஒன்று, குழாய்ச் சுருள், கயிறு, வாளிகள், மண்வெட்டிகள், பாய்கள், நுளம்பு வலைகள், இரண்டு மூடை அரிசி ஆகியவை எம்மோடு வந்தன. பத்து நாட்களில் 20 கிணறுகளைத் துப்பரவு செய்து கொடுப்பது எமது திட்டம். அந்த எண்ணிக்கையை எழுதித்தான் டீசலுக்கும் சாப்பாட்டுக்கும் பணம் பெற்றிருந்தோம்.

மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டுத் திரும்பி, ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாகப் போனோம். வீதியின் இரு பக்கமும் பாலையும் முதிரையும் வீரையும் நிறைந்த காடு. இடையிடையே மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். "வீதியை விட்டு ஒரு அடியும் இறங்கக் கூடாது" என்று புறப்படும் முன்பே எமக்குச் சொல்லியிருந்தார்கள். பின்னேரம் நந்திக்கடலின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் வற்றாப்பளையை அடைந்தோம்.

ஊர்ச்சனம் திரும்பி வந்திருந்தது. தகரக் கொட்டில்களுக்கு முன்னால் வாழைக்குட்டிகள் நட்டிருந்தார்கள். ஆனால் பக்கத்து ஊரான கேப்பாப்பிலவின் குடும்பங்கள் அப்போதும் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில்தான் இருந்தன. அடுத்த மாதம், 2012 செப்டெம்பரில், அந்த முகாம் மூடப்பட்டது. அப்போதும் அவர்களுக்குச் சொந்தக் காணி கிடைக்கவில்லை. வேறு காணியில் குடியமர்த்தப்பட்டார்கள். 2017 இல் அவர்கள் வீதியோரத்தில் இருந்து நடத்திய போராட்டத்தை வாசகர்கள் அறிவார்கள். ஊருக்குத் திரும்பக் கிடைத்தது எவ்வளவு பெரிய காரியம் என்பதை வற்றாப்பளைச் சனம் எமக்கு வாயால் சொல்லவில்லை. முற்றத்தைக் கூட்டும் விதத்திலேயே அது தெரிந்தது.

எமது நாள் எப்படிப் போனது

முன்பள்ளிக் கட்டடம் ஒன்றில் ஆண்கள் தங்கினோம். குழுவில் இருந்த ஐந்து பெண்பிள்ளைகளையும் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், "குமர்ப்பிள்ளையள் திறந்த கட்டடத்தில படுக்க ஏலாது" என்று சொல்லித் தன் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் கொட்டிலில் ஏற்கெனவே ஆறு பேர் இருந்தார்கள்.

விடியற்காலை 5 மணிக்கு எழும்புவோம். எமக்குள் சிறு ஜெபம். பிறகு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணீர். 6 மணிக்கு வேலை தொடங்கும். 11 மணிக்கு வெயில் மண்டையைப் பிளக்கும். நிறுத்திவிட்டு மரநிழலுக்கு வருவோம். மத்தியானம் சோறும் பருப்பும் சம்பலும். பின்னேரம் 3 மணி தொடக்கம் இருட்டும்வரை மறுபடி வேலை. முதல் நாளே எமக்கென்று மலகூடக் குழி ஒன்று வெட்டினோம். எந்தக் கிணற்றிலிருந்தும் 50 அடிக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும் என்று அளந்துதான் வெட்டினோம்.

எவருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்பதற்காகவே அரிசி கொண்டு போயிருந்தோம். அது எமக்கு நல்ல முறையாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் ஒரு பெரியவர் வந்து எமது சமையல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் தம்பியவை, எங்கட வீட்டில ஒரு நேரம் சாப்பிட மாட்டியளோ? முகாமில மூண்டு வருசம் வரிசையில நிண்டு வாங்கிச் சாப்பிட்டனாங்கள். இப்பதான் ஒருத்தருக்குக் குடுக்கக் கூடியதா இருக்கு."

நாம் வெட்கப்பட்டோம். அன்றிலிருந்து இராச்சாப்பாடு ஊர் வீடுகளில்தான். இருவர் மூவராகப் பிரிந்து போனோம். ஒரு வீட்டில் நந்திக்கடல் இறால் போட்ட சொதி. இன்னொரு வீட்டில் முருங்கையிலைச் சுண்டலும் சோறும் மட்டும். எமது அரிசி அந்தந்த வீட்டுப் பானைக்குள் போனது. கொடுப்பதும் வாங்குவதும் இரண்டு பக்கமும் நடந்தால்தான் மனிதர் சமமாக இருந்து பேசலாம் என்பதை அந்தச் சாப்பாட்டுப் பாய்களில் படித்தோம்.

முதற் கிணறு

இதற்கிடையில், வந்த இரண்டாம் நாளே முதற் கிணற்றில் கை வைத்திருந்தோம். கிராம சேவையாளரும் கண்ணிவெடி அகற்றுவோரும் பார்த்துச் சரி என்று சொன்ன காணி அது. 2009 இல் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் ஓர் அக்காவின் வளவு. ஏறக்குறைய 15 அடி ஆழமான கட்டுக்கிணறு. உள்ளே துருப்பிடித்த தகரம், உக்கிய ஓலை, உடைந்த வாளி, கறுத்த சேறு. தண்ணீர் மணத்தது.

இயந்திரத்தைப் பூட்டினோம். நாம் யாழ்ப்பாணத்தில் இறைப்பு இயந்திரத்தின் சத்தத்தோடு வளர்ந்தவர்கள். காலை தொடக்கம் பின்னேரம் வரை நிறுத்தாமல் இறைத்தோம். அடி தெரிந்ததும் இருவர் இறங்கிச் சேற்றை வாரினார்கள். ஊற்று நன்றாக வரட்டும் என்று அடியில் இன்னும் இரண்டடி மணலைத் தோண்டி எடுத்தோம். உட்சுவரைத் தேய்த்துக் கழுவினோம். இருட்டும்போது அடியில் தண்ணீர் பளிங்குபோல ஊறி நின்றது. அக்காவின் பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். நாம் படம் எடுத்துக்கொண்டோம்.

அடுத்த நாள் காலை அக்கா எமக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். முதல் வாய் குடித்தவர் எதுவும் பேசாமல் குவளையைக் கீழே வைத்தார். இரண்டாம் ஆளும் வைத்தார். தேத்தண்ணீர் உவர்த்தது.

அக்கா ஒரு குறையும் சொல்லவில்லை. "புதுத் தண்ணிதானே, நாலு நாளில மாறும்" என்றார். ஆனால் மறுநாள் விடிய நாம் வேலைக்குப் போகும்போது, அவர் இடுப்பில் குடத்தோடு தூரத்துக் கிணறு ஒன்றுக்கு நடந்து போவதைக் கண்டோம். ஊத்தையாக இருந்தாலும் அது அவருடைய நல்ல தண்ணீர்க் கிணறு. வடித்து, கொதிக்க வைத்துக் குடித்திருந்தார். மாரி தொடங்க முன்னம் கிணற்றடியில் பயற்றங்காய் போட விதை வாங்கி வைத்திருந்தார். அந்தக் கிணற்றை உப்பாக்கியது எமது கைதான்.

பெரியவர் சொன்னது

எமது அடுப்படிக்கு வந்த அதே பெரியவரைக் கூட்டி வந்து காட்டினோம். ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துத் துப்பினார்.

"பிள்ளையள், நீங்கள் கிணறு துப்பரவாக்கேல்லை. நந்திக்கடலைக் கூப்பிட்டு விட்டிருக்கிறியள்."

பிறகு கிணற்றுக் கட்டில் இருந்து விளங்கப்படுத்தினார். கடலுக்கும் களப்புக்கும் கிட்ட உள்ள மணல் நிலத்தில், மேலே நிற்பது மாரி மழை விட்டுப்போன தண்ணீர். கீழே இருப்பது உப்பு. மேலே உள்ளதை மெல்ல அள்ளினால் பக்கத்து மணலிலிருந்து நல்ல தண்ணீர் வந்து நிரப்பும். ஒரேயடியாக இறைத்தால் கீழே உள்ளது எழும்பி வந்துவிடும். "அதாலதான் எங்கட ஆக்கள் இந்தக் கிணறுகளை ஆழமாய் வெட்டேல்லை. வெட்டத் தெரியாமல் இல்லை."

அவர் சொன்னது ஏட்டிலும் உள்ள விடயமே. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிடச் சற்றுப் பாரம் குறைந்தது. ஆகவே மழைத் தண்ணீர் மண்ணுக்குள் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஒல்லாந்தரும் ஜேர்மனியருமான இரு பொறியியலாளர்கள் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். இதை மறுபக்கமாகப் பாருங்கள். மேலே 1 அடி குறைந்து அப்படியே நின்றால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு 40 அடி மேலே வர இடமுண்டு. கிணற்றுக்குள் ஓர் இயந்திரம் ஒரு நாளில் இறக்கும் தண்ணீர் எத்தனை அடி என்று நாம் எண்ணிப் பார்த்தோம். எமக்குப் பேச்சு வரவில்லை.

இந்தத் தவறை முதலில் செய்தவர்கள் நாம் அல்லர். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடற்கோளின் பின், கிழக்குக் கரையோரக் கிணறுகளில் கடல் நீர் புகுந்தது. பல இடங்களிலிருந்தும் தொண்டர்களும் நிறுவனங்களும் இயந்திரங்களோடு ஓடி வந்தார்கள். உப்புப் போகட்டும் என்று ஒரே கிணற்றை ஒரு குழு மாறி ஒரு குழுவாகத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். கொழும்பைத் தளமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அந்தக் கிணறுகளை அளந்து பார்த்தார்கள். இறைத்து இறைத்து உப்பு நீங்கவில்லை. பல இடங்களில் நிலைமை கெட்டது. கிணறுகளை மெல்ல மெல்லச் சுகப்படுத்தியது மழைதான் என்று கண்டார்கள். கரையோரக் கிணற்றை அளவுக்கு மீறி இறைக்க வேண்டாம் என்று அதன் பிறகு வழிகாட்டல்கள் வந்தன. அந்தச் செய்தி எமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாம் கேட்காமல் வந்துவிட்டோம்.

மரத்தடிக் கூட்டம்

அன்று பின்னேரம் வேலையை நிறுத்திவிட்டு, ஊரவர்களை மரத்தடிக்கு அழைத்து நடந்ததைச் சொன்னோம். எமது பட்டியலில் இருந்த 20 கிணறுகளையும் வாசித்தோம். பெண்கள்தான் முதலில் பேசினார்கள். எது குடிக்கிற கிணறு, எது குளிக்கிற கிணறு, எது எந்த மாதத்தில் வற்றும், எது எப்போதும் சற்று உவர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். எமது பட்டியலில் இருந்த சில கிணறுகளைத் தொடவே தேவையில்லை என்றார்கள். பட்டியலில் இல்லாத ஒன்று, பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் அள்ளும் கிணறு, அதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்றார்கள்.

அங்கே இன்னொரு விடயமும் வெளிவந்தது. கிணறு வெட்டுவதும் சேறு வாருவதும் தொழிலாகச் செய்த இருவர் ஊரில் இருந்தார்கள். நாம் கூலியில்லாமல் செய்ய வந்ததால் அவர்களுக்கு வேலை இல்லாமல் போயிருந்தது. அவர்கள் அதை நேரடியாகச் சொல்லவில்லை, வேறொருவர்தான் சொன்னார். இயந்திரத்தை லொறியில் ஏற்றிக் கட்டினோம். டீசலுக்கு வைத்திருந்த பணத்தில் அந்த இருவருக்கும் நாட்கூலி கொடுத்து, அவர்களை மேற்பார்வைக்கு வைத்து, நாம் அவர்களுக்குக் கீழே வேலையாட்கள் ஆனோம்.

அதன் பிறகு வேலை வேறு விதமாக நடந்தது. வாளியால் அள்ளினோம். பாதித் தண்ணீருக்குக் கீழே போக அவர்கள் விடவில்லை. அள்ளியதும் நிறுத்தி, அடுத்த நாள் வரை ஊற விட்டோம். மிதக்கும் குப்பையை வலையால் எடுத்தோம். சேற்றை அடியிலிருந்து மெல்லக் கோலி எடுத்தோம்; மணலைத் தொடவில்லை. ஒரு கிணறு முடிய இரண்டு மூன்று நாட்கள் சென்றன. கைகள் கொப்பளித்தன. ஒரே நேரத்தில் நான்கைந்து கிணறுகளில் மாறி மாறி வேலை செய்தோம். ஆட்கள் இறங்குமுன் எரியும் விளக்கொன்றைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிப் பார்த்தார்கள். அது அணைந்தால் எவரும் இறங்கக் கூடாது என்பது அவர்களுடைய சட்டம்.

தினமும் காலையில் எமது குழுவில் இருவர் அந்த அக்காவின் குடங்களை எடுத்துப் போய்த் தூரத்துக் கிணற்றிலிருந்து நிரப்பிக் கொடுத்தோம். அது பரிகாரம் ஆகாது. ஆயினும் அதைச் செய்யாமல் வேறு வேலைக்குப் போக எமக்கு மனம் வரவில்லை.

இரவுப் பேச்சு

இரவில் விளக்கைச் சுற்றி இருப்போம். பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தோடு வருவார்கள். பெரியவர்கள் கண்ணகி அம்மன் கதையைச் சொல்வார்கள். மதுரையை எரித்த பின் கண்ணகி ஈழத்துக்கு வந்து இடம் இடமாகத் தங்கியதாகவும், பத்தாவதாகத் தங்கிய இடம் இது என்பதால் "பத்தாப்பளை" என்பதே வற்றாப்பளை ஆயிற்று என்றும் ஊரவர் சொல்வர். நந்திக்கடலோரம் மாடு மேய்த்த சிறுவர்கள் ஒரு மூதாட்டியைக் கண்டார்களாம். பசிக்கிறது என்று கேட்ட கிழவிக்குப் பொங்கிக் கொடுத்தார்கள். விளக்கேற்ற எண்ணெய் இல்லையே என்றபோது, களப்புத் தண்ணீரை ஊற்றி ஏற்றச் சொன்னாளாம். விளக்கு எரிந்தது. இதை நினைவுகூர்ந்து இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் வைத்து, அந்தக் கடல்நீரில் விளக்கு எரிக்கும் வழக்கம் இருக்கிறது.

"இந்த ஊர் உப்புத் தண்ணியோட பழகின ஊர் தம்பி" என்று அந்தப் பெரியவர் ஒரு நாள் சிரித்தார். நாம் வேறு சமயத்தவர் என்பது அவர்களுக்குத் தெரியும். எவரும் எமது நம்பிக்கையைப் பற்றி எம்மை நெருக்கவில்லை; நாமும் அவர்களுடையதை.

தொண்டர் முகாம் என்ற முறையின் வரலாறும் எமக்குப் பாடம் சொல்கிறது. 1920 இல் சுவிற்சர்லாந்து நாட்டவரான பியர் செரசோல் என்பவர், முதலாம் உலகப் போரில் அழிந்த பிரான்சியக் கிராமம் ஒன்றை மீளக் கட்டப் பல நாட்டு இளைஞரோடு போனார். அந்தக் குழுவில் ஜேர்மனியரும் இருந்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் அங்கே எழுந்த எதிர்ப்பினால் சில மாதங்களில் வேலை நின்றுபோனது. அவர் சோர்ந்துவிடவில்லை. 1934 இல் பீகார் பூமியதிர்ச்சியின் பின் இந்தியாவுக்கும் வந்து கிராமங்களில் உழைத்தார். எமது நாட்டில் 1958 இல் ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன கொழும்பு நாலந்தா கல்லூரி மாணவர்களைக் கனதொலுவ என்ற கிராமத்துக்குக் கூட்டிப் போனதில் சர்வோதய சிரமதானம் தொடங்கியது. உழைப்பைத் தானம் செய்வது என்பதே அந்தச் சொல்லின் பொருள். தானம் கொடுப்பவர் வாங்குபவருக்கு என்ன தேவை என்று முதலில் கேட்க வேண்டும். இது எமக்கு ஒரு கிணற்றின் விலையில் விளங்கியது.

கரையோரக் கிணறு உள்ளவர்கள் கவனிக்க

இந்த இதழை வாசிப்பவர்களில் பலர் நீண்ட காலம் காணியை விட்டு இருந்தவர்கள். திரும்பிப் போகும்போது முதலில் பார்ப்பது கிணற்றைத்தான். எனவே நாம் கற்றவற்றை இங்கே தருகிறோம்.

1. காணியும் கிணறும் வெடிபொருள் இல்லை என்று உரியவர்கள் சொல்லும்வரை கிணற்றுக்குள் எதையும் இறக்க வேண்டாம், கிளற வேண்டாம்.

2. கடல், களப்புக்குக் கிட்ட உள்ள கிணற்றை இயந்திரத்தால் அடிவரை இறைக்க வேண்டாம். வாளியால் பாதிவரை அள்ளி, ஊற விட்டு, மறுநாள் தொடருங்கள்.

3. அடி மணலைத் தோண்டி ஆழமாக்க வேண்டாம்.

4. நீண்ட காலம் மூடிக் கிடந்த கிணற்றில் நச்சுக் காற்று இருக்கலாம். விளக்கு இறக்கிப் பாருங்கள். ஒருவர் இறங்கினால், மேலே கயிற்றோடு இருவராவது நிற்க வேண்டும். இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கவே கூடாது. அதன் புகை ஆளைக் கொல்லும்.

5. துப்பரவு முடிந்ததும் குளோரின் இடும் அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

6. தண்ணீர் உவர்த்தால் பயற்றை, வெங்காயம் போன்றவை முதலில் வாடும். தென்னை தாங்கும். மாரி மழை இறங்கி உவர் குறையும்வரை பயிரைத் தள்ளிப் போடுங்கள். கிணற்றை மறுபடி இறைக்காதீர்கள்.

7. உதவி செய்ய எவர் வந்தாலும், "எங்களைக் கேட்டுச் செய்யுங்கோ" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கிணறு உங்களுடையது.

மாரிக்குப் பின்

பத்து நாட்களில் 9 கிணறுகள்தான் முடிந்தன. அறிக்கையில் 9 என்றே எழுதினோம். அதில் ஒன்றை உப்பாக்கிவிட்டோம் என்றும் எழுதினோம். புறப்படும் நாளில் அந்த அக்கா பிள்ளைகளோடு லொறியடிக்கு வந்து ஒரு பை முருங்கைக்காய் தந்தார். "மாரி பெய்யட்டும், பாப்பம்" என்றார். வாங்கிய விதையை அவர் போத்தலில் போட்டு மூடி வைத்திருந்தார்.

2013 வைகாசியில் அம்மன் பொங்கலுக்கு எமது குழுவில் ஐந்து பேர் மறுபடி போனோம். பல ஊர்களிலிருந்தும் வந்த சனத்தால் வீதி நிறைந்திருந்தது. தண்ணீர்ப் பந்தல் ஒன்றில் நின்று வந்தவர்களுக்குக் குவளை கழுவிக் கொடுப்பதே எமது வேலை. எவரும் எமக்குத் திட்டம் போடச் சொல்லவில்லை, சொன்னதைச் செய்தோம்.

பின்னேரம் அக்காவின் வளவுக்குப் போனோம். கிணற்றடியில் பந்தலில் பயற்றங்கொடி படர்ந்திருந்தது. மாரியில் கிணறு கட்டு மட்டத்துக்கு நிரம்பியதாகவும், தைப்பொங்கலுக்குப் பின்புதான் தேத்தண்ணீரில் உவர் தெரியாமல் போனதாகவும் சொன்னார். அதுவரை, ஐந்து மாதங்களுக்கு மேலாக, அவர் தூரத்துக் கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்திருக்கிறார்.

வாளியை இறக்கி அவரே அள்ளினார். பாதி வாளிதான் அள்ளினார்.

"குடிச்சுப் பாருங்கோ தம்பியவை."

குடித்தோம். நல்ல தண்ணீர்.